மெதுவாகப் பேசினால் தூரம் போகும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். சில மாதங்களாக நான் ஒரு புதுப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை யாருக்காவது சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

போன புரட்டாசியில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. எங்கள் தெருக்கோடியில் மழைநீர்க் கால்வாய்மேல் ஒரு சிறுபாலம் இருக்கிறதல்லவா, அதன் அடியில் இதை மாட்டி, தண்ணீர் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொன்னான். அது அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ள இன்னொரு பெட்டி எங்கள் மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

"சிம் கார்டு எங்கேப்பா போடுவ?"

"சிம் இல்ல டீச்சர்."

"அப்ப வைஃபையா?"

"அதுவும் இல்ல. உள்ள ரெண்டு பேட்டரி. மூணு நாலு வருஷம் வரும்."

"அப்புறம் எப்படிப்பா அவ்வளவு தூரம் போகுது?"

"மெதுவாப் பேசும் டீச்சர். அதான்."

அந்தப் பதில் என்னை விடவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமானால் இரண்டு வழி உண்டு. ஒன்று, கத்த வேண்டும். நாலாவது பீரியடிலேயே தொண்டை போய்விடும். இன்னொன்று, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். குரல் சின்னதாக இருந்தாலும் போய்ச் சேரும். இந்தப் பெட்டி இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டது. தொழில்நுட்பத்துக்கு லோரா என்று பெயர். நீண்ட தூரம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர்.

இதற்கு மேல் போவதற்கு முன், இந்தப் பெட்டி என்னை ஏன் இவ்வளவு உலுக்கியது என்று சொல்லிவிடுகிறேன். உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது.

2015 டிசம்பர் 1. என் அம்மா அப்போது மணப்பாக்கத்தில் என் தங்கை வீட்டில் இருந்தார். கீழ்த்தளம். அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் தங்கை போன் செய்தாள். "அக்கா, வாசல்ல தண்ணி வருது" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் போன் போகவே இல்லை. மின்சாரம் இல்லாமல் செல்போன் கோபுரங்கள் பல அணைந்துவிட்டன. நெமிலிச்சேரியிலிருந்து மணப்பாக்கம் அமெரிக்காவா? ஆனால் அந்த இரண்டு நாள் அமெரிக்காவைவிட தூரமாக இருந்தது. மூன்றாம் நாள் படகில் வந்தார்கள். அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றி, இரண்டு இரவு தார்ப்பாய்க்குக் கீழே வைத்திருந்தார்களாம். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அம்மாவின் டிரங்குப் பெட்டி போய்விட்டது. அதில் ஒரு தந்தி இருந்தது. நான் பிறந்தபோது வெளியூரில் வேலையில் இருந்த அப்பாவுக்கு தாத்தா அடித்தது. மகள் பிறந்தாள், இருவரும் நலம் என்று ஆங்கிலத்தில் நாலே வார்த்தை. அம்மா கடைசி வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நகை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று அங்கே அளவுகோல் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்த எண் மணப்பாக்கத்துக் கீழ்த்தளத்துக்கு வந்து சேரவில்லை. தகவல் இல்லாமல் போகவில்லை, போய்ச் சேராமல் போனது. சின்னச் செய்தியைத் தூரத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்பது பழைய கேள்வி. அதற்கு நம் ஊரிலேயே நல்ல வரலாறு இருக்கிறது.

நம் நெமிலிச்சேரி வழியாகப் போகும் ரயில் பாதை சாதாரணப் பாதை அல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1855 பிப்ரவரியில்தான் இந்தியாவில் தந்தி சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டிருந்தது. அப்புறம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் ரயில் போகிற இடமெல்லாம் தந்திக் கம்பியும் கூடவே போயிற்று. சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பிகள் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அதனால் ஜனங்கள் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். பிறப்பு, இறப்பு, வேலை உத்தரவு, 'உடனே வரவும்' எல்லாம் நாலைந்து வார்த்தையில் அடங்கிற்று. 2013 ஜூலை 14 அன்று கடைசித் தந்தியோடு அந்தக் கதை முடிந்தது.

கம்பியில் ஒரு பெரிய குறை. எந்தப் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ, அந்தப் புயலே முதலில் கம்பியை அறுத்துவிடும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் அதுதான் நடந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலை அலை கொண்டுபோயிற்று. கம்பிகள் அறுந்து கிடந்ததால் அங்கே என்ன ஆயிற்று என்பது வெளியே தெரியவே நேரம் பிடித்தது.

அடுத்த படி வானத்துக்குப் போனது. 1983 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க விண்வெளி ஓடமான சேலஞ்சரில் நம் இன்சாட்-1பி ஏறியது. அது தொலைக்காட்சிக்கு என்றுதான் பெரும்பாலோருக்கு நினைவு. ஆனால் அதில் இன்னொரு சின்னக் கருவியும் இருந்தது. மலையிலோ தீவிலோ ஆள் இல்லாமல் நிற்கும் வானிலைக் கருவிகள் 402.75 மெகாஹெர்ட்ஸில் சொல்லும் மழை அளவு, காற்று வேகம் போன்ற எண்களை வாங்கி, கீழே நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும் கருவி. கொஞ்சமாகப் பேசு, எப்போதாவது பேசு, தூரமாகப் பேசு. இன்றைக்குப் புதுமை என்று சொல்லப்படும் எண்ணத்தை நம் வானிலைத் துறை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செயல்படுத்தியிருக்கிறது. அதே 1980-களில் தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரை ஊர்களில் இன்சாட் வழியாகப் புயல் எச்சரிக்கை வாங்கும் பெட்டிகளையும் வைத்தார்கள். எந்தப் பகுதிக்கு ஆபத்தோ அந்தப் பகுதிப் பெட்டி மட்டும் சைரன் ஊதி, பிறகு உள்ளூர் மொழியில் செய்தி சொல்லும்.

ஆனால் செயற்கைக்கோளோடு பேசும் நிலையத்தை ஒவ்வொரு தெருக்கோடியிலும் வைத்துக் கட்டுப்படியாகாது. மலிவான சின்னக் கருவிகள் தங்களுக்குள்ளேயே செய்தி கடத்தினால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் மூணாறு. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த மலை. அங்கே மண்சரிவு ஆபத்துள்ள அந்தோணியார் காலனியில், கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தினர் பேராசிரியர் மனீஷா வி. ரமேஷ் தலைமையில் 2008 வாக்கில் கருவிகளைப் பதித்தார்கள். மண்ணுக்குள் நீரழுத்தம் எவ்வளவு, சரிவு எவ்வளவு நகர்கிறது என்று அவை அளந்தன. அளவுகள் கருவிக்குக் கருவி தாவி, கடைசியில் செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் அருகே அமிர்தபுரியில் உள்ள ஆய்வு மையத்தை அடைந்தன. 2009 மழைக்காலத்தில் அழுத்தம் ஏறியதைப் பார்த்து எச்சரிக்கையும் கொடுத்தார்கள்.

இந்த முறையை என் மாணவன் எனக்கு இப்படிப் புரியவைத்தான்: "முதல் பெஞ்சுலேருந்து கடைசி பெஞ்சுக்குச் சீட்டு கடத்துவோமே டீச்சர், அந்த மாதிரி." எனக்குத் தெரியாதா என்ன! சீட்டு கடத்துவதில் இரண்டு சங்கடம். நடுவில் ஒரு பிள்ளை லீவு போட்டால் சீட்டு நின்றுவிடும். அடுத்தவர் சீட்டை வாங்கிக் கொடுக்கவே நடு பெஞ்சுக்காரன் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். கருவிகளுக்கும் அதேதான். நடுவில் நிற்கும் கருவியின் பேட்டரிதான் முதலில் தீரும். எல்லாரும் கரும்பலகையைப் பார்த்து நேரே பேசிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்குச் சின்னக் குரல் தூரம் போக வேண்டும்.

அந்தச் சின்னக் குரலைத் தேடிக் கண்டவர்கள் பிரான்ஸ் நாட்டில் இரண்டு நண்பர்கள், நிக்கோலா சோர்னான், ஒலிவியே செல்லே. 2009-இல் வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மூன்றாவது கூட்டாளியாக ஃபிரான்சுவா ஸ்ஃபோர்ஸா சேர, சைக்கிலியோ என்ற சிறு நிறுவனம் உருவானது. வீட்டுத் தண்ணீர், எரிவாயு, மின்சார மீட்டர்களின் கணக்கை வயர் இல்லாமல் எடுப்பதுதான் அவர்கள் குறி. 2012-இல் செம்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது.

அவர்கள் பிடித்த வித்தை ராடாரிலிருந்து வந்தது. சாதாரண வானொலி ஒரே சுரத்தில் நின்று பேசும். சுற்றுச் சத்தத்தில் அது அமுங்கிவிடும். இவர்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இழைந்து ஏறும் ஒலி போன்ற அலையைப் பயன்படுத்தினார்கள். நாதஸ்வரக்காரர் இழைப்பாரே, அப்படி. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலிலும் அந்த இழைவு தனியாகக் காதில் விழும். ராடாருக்கு இந்த முறையை பெல் ஆய்வகத்தின் சிட்னி டார்லிங்டன் எழுதி, 1954-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். லோராவில் இழைவை எவ்வளவு நீட்டி இழுக்கலாம் என்பதற்கு 7 முதல் 12 வரை ஆறு படிகள். ஒவ்வொரு படி ஏறும்போதும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், தூரமும் கூடும். 12-ஆம் படியில் சுற்றியுள்ள இரைச்சலின் சக்தியில் நூறில் ஒரு பங்கே இருந்தாலும் செய்தியைப் பிரித்தெடுத்துவிடுமாம். 2017-இல் ஐரோப்பாவில் பலூனில் கட்டிப் பறக்கவிட்ட ஒரு லோராக் கருவி வெறும் 25 மில்லிவாட்டில் பேசியதை 702 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்டார்கள். அது உயரத்தில், தடையில்லாமல் பறந்தது. கட்டடங்கள் நிறைந்த நம் ஊரில் சில கிலோமீட்டர், வெட்டவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதற்கு விலை என்ன? வேகம். அந்த மெதுவான படியில் விநாடிக்கு 250 பிட். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 51 பைட். 51 பைட் எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டேன். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமாக 3 பைட். 'நெமிலிச்சேரி' என்று எழுத, கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 12 குறி. 36 பைட் போய்விட்டது. பக்கத்தில் 'மழை' என்று எழுத இடம் இருக்கிறது. 'வெள்ளம்' என்று எழுத இடம் இல்லை! ஆகவே கருவி எழுத்தில் பேசாது, எண்ணில் பேசும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. மில்லிமீட்டரில் சுமார் 7,315. அந்த எண்ணுக்கு இரண்டே பைட் போதும். தாத்தாவின் நாலு வார்த்தைத் தந்திகூட இதைவிடப் பெரிது.

பேட்டரி வருடக்கணக்கில் வருவதற்கு இன்னொரு காரணம் தூக்கம். கருவி பெரும்பாலும் தூங்குகிறது. எழுந்து, அளந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் குழம்பாதா என்று கேட்டேன். எப்போதாவது குழம்பும், அடுத்த தடவை சரியாகிவிடும் என்றான். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலியால் இணைக்கக் கண்ட 'அலோஹா' முறை இது. எல்லாரும் கொஞ்சமாகப் பேசுகிற வகுப்பில் கை தூக்க வேண்டிய அவசியமில்லை. எல்லாரும் வாயாடிகளாக இருந்தால் ஒன்றும் கேட்காது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். 5-ஆம் வகுப்பு 'பி' பிரிவு நினைவிருக்கிறதா?

நம் நாட்டுச் சட்டமும் இதற்குக் கை கொடுத்தது. 2005-லேயே 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைக் குறைந்த சக்திக் கருவிகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. பொருள்களில் ஒட்டும் அடையாளச் சில்லுகளுக்காக வந்த விதி. அது பத்து ஆண்டு கழித்து லோராவுக்குப் பாதை போட்டது. 2016-இல் டாடா கம்யூனிகேஷன்ஸ் மும்பை, டெல்லி, பெங்களூரில் இதைச் சோதித்துப் பார்த்தது. அந்த விதியால்தான் என் மொட்டை மாடியிலும் பெட்டி வைக்க முடிந்தது.

உலகம் முழுக்கக் கருவிகள் ஒரே மொழியில் பேச விதிமுறை வேண்டும் என்று லோரா அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு உருவானது 2015-இல். அதே ஆண்டின் கடைசி மாதத்தில்தான் என் அம்மா தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அதனால் அவனிடம் நேராகவே கேட்டேன். "இந்தப் பெட்டி அன்னிக்கு இருந்திருந்தா?"

உடனே ஆமாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நல்ல மாணவன். "பாலத்துக்கு அடியில இருக்கிற பெட்டி பேசியிருக்கும் டீச்சர். ஆனா மாடியில இருக்கிற பெட்டிக்குக் கரண்டு வேணும். அங்கேருந்து போனுக்கு வர இன்டர்நெட் வேணும். அது ரெண்டும்தானே அன்னிக்கு இல்ல" என்றான். இன்னொன்றும் சொன்னான். பேட்டரியில் ஓடும் கருவி தான் பேசி முடித்த கையோடு ஓரிரு விநாடி மட்டும் காது கொடுக்கும், பிறகு தூங்கிவிடும். ஆகவே எந்நேரமும் விழித்திருந்து சைரன் ஊதுகிற வேலையை அதன் தலையில் கட்ட முடியாது. அதற்கு நிரந்தர மின்சாரம் உள்ள வேறு வகைக் கருவி வேண்டும்.

அப்போது எனக்கு நல்லவாடு நினைவுக்கு வந்தது. புதுச்சேரிப் பக்கம் உள்ள மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய கிராமத் தகவல் திட்டத்தில் அந்த ஊருக்கும் ஓர் அறிவு மையம் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் ஓடிப்போய் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே எழுந்து ஓடிப் பிழைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்தது சின்னச் செய்திதான். அதைக் கேட்க ஒரு வீடு, ஊருக்குச் சொல்ல ஒரு ஒலிபெருக்கி, ஓடிப்போய் அதைப் பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். மணப்பாக்கத்தில் எங்களுக்கு இல்லாமல் போனது அந்தக் கடைசி நூறு அடிதான்.

அதனால் எங்கள் தெருவில் இப்படிச் செய்திருக்கிறோம். மாடியில் உள்ள பெட்டி எங்கள் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. இன்டர்நெட் போனாலும் வேலை செய்ய, அதோடு ஒரு மணியை இணைத்துக் கொடுத்தான். பாலத்தடியில் தண்ணீர் குறித்த அளவைத் தாண்டினால் என் வீட்டுக் கூடத்தில் மணி அடிக்கும். அப்புறம் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பெயர் முதலில். போன் இல்லாதவர்களும் அதில் உண்டு.

முதல் தடவை மணி அடித்தது ஐப்பசியில், விடியற்காலை மூன்று மணிக்கு. குடையோடு ஓடினேன். வெளியே சொட்டு மழைகூட இல்லை. அளவு பார்க்கும் கருவியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது! வலையைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டது. எதிர்வீட்டு அண்ணி இரண்டு நாள் என்னைக் கேலி செய்தார். ஆனால் அன்றைக்கு எட்டு நிமிடத்தில் பதினோரு வீட்டுக் கதவு தட்டப்பட்டுவிட்டது. நான் கடிகாரம் பார்த்துக்கொண்டேதான் போனேன். இப்போது மாதம் ஒருமுறை துடைப்பத்தோடு பாலத்துக்குப் போய் வலை அடிப்பது என் பொறுப்பு.

உங்களில் நிறையப் பேர் இப்போது பொறியாளர்கள். ஏரிக்கரை, ஆற்றங்கரைப் பக்கம் வீடு வாங்கியவர்களும் உண்டு. கருவி செய்யத் தெரிந்தவர்கள் செய்யுங்கள், இப்போது செலவும் அதிகமில்லை. தெரியாதவர்கள் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். மழை ராத்திரியில் நீங்கள் தட்ட வேண்டிய மூன்று கதவுகளை எழுதி, மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம். செய்தவர்கள் கீழே 'செய்துவிட்டேன் டீச்சர்' என்று எழுதுங்கள். பழைய தந்தி யார் வீட்டிலாவது பத்திரமாக இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நெமிலிச்சேரி.